நடந்த பிறகே வரும் ஊக்கம்

உடற்பயிற்சியைத் தொடங்க முடியாமல் போவதற்கு மனஉறுதி போதாமையே காரணம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். பிரிட்டனில் சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது. பல்கலைக்கழக மாணவர்களை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதல் குழுவுக்கு ஊக்கமூட்டும் எதுவும் தரப்படவில்லை. இரண்டாம் குழுவினர், இதய நோயின் அபாயத்தையும் அதைத் தடுப்பதில் உடற்பயிற்சிக்குள்ள பங்கையும் விளக்கும் குறிப்பொன்றைப் படித்தனர். மூன்றாம் குழுவினர் அதே குறிப்பைப் படித்ததோடு, வரும் வாரத்தில் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் 20 நிமிடம் பயிற்சி செய்யப்போகிறோம் என்பதையும் எழுதி வைத்தனர். அந்த வாரத்தில் பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவதில் 35 சதவீதம், மூன்றாவதில் 91 சதவீதம். குறிப்பைப் படித்தவர்களுக்கு ஆர்வம் கூடத்தான் செய்தது. ஆனால் அது செயலாக மாறவில்லை.

நாளையும் நேரத்தையும் எழுதி வைப்பது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் முன்பே விளக்கியிருந்தார். ‘இந்த நேரம் வந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அந்த நேரமும் இடமுமே செயலைத் தூண்டும் குறிப்புகளாகிவிடுகின்றன. மாலையில் வேலை முடிந்து களைத்துத் திரும்புபவர், இன்று போகலாமா வேண்டாமா என்று அப்போது யோசிக்கத் தொடங்கினால், அந்த யோசனையில் பெரும்பாலும் களைப்பே வெல்லும். யோசிக்க வேண்டிய தேவையையே முன்கூட்டிய திட்டம் நீக்கிவிடுகிறது.

முதல் வாரம் நடந்தாயிற்று. இரண்டாம் வாரமும் கால்கள் கிளம்ப என்ன வேண்டும்? என் பார்வையில் பலரும் தவறுவது இங்கேதான். உடற்பயிற்சியின்போது எழும் உணர்வுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பான்டெலெய்மான் எக்கெகாகிஸ், உழைப்பின் தீவிரத்தில் ஓர் எல்லை இருப்பதைக் காட்டினார். மிதமான வேகத்தில் நடக்கும்போது பெரும்பாலோருக்கு மனநிலை சற்று மேம்படுகிறது. வேகம் கூடி, கடும் உழைப்பில் தசைகளில் உருவாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் சேர்ந்து, மூச்சு திடீரென வேகமெடுக்கும் கட்டத்தைத் தாண்டினால், ஏறக்குறைய எல்லோருக்குமே இன்பம் குறைந்துகொண்டே போகிறது. நெடுநாள் உட்கார்ந்தே வேலை செய்தவருக்கு இந்த எல்லை மிகவும் தாழ்வாக இருக்கும். பிறருக்குச் சாதாரணமாகத் தோன்றும் விரைவு நடையே அவரை அதற்கு அப்பால் தள்ளிவிடக்கூடும். முதல் நாளே ஓடத் தொடங்கி, மூச்சிரைக்கத் திரும்புகிறவரின் மூளை, உடற்பயிற்சி என்றால் துன்பம் என்று பதிந்துகொள்கிறது. அவர் மறுவாரம் வராமல் போனால் அதைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமல்ல. எல்லைக்குள் இருக்கிறோமா என்பதை அறிய கருவி எதுவும் தேவையில்லை: நடந்துகொண்டே தடையில்லாமல் பேச முடிந்தால் போதும்.

இன்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நரம்பியல் ஒரு விடை தருகிறது. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பார்த்ததைவிட நல்ல விளைவு கிடைக்கும்போதே வலுவாகத் துடிக்கின்றன என்பதையும், பழகிய பின் அந்தத் துடிப்பு விளைவிலிருந்து அதை முன்னறிவிக்கும் குறிப்புக்கு இடம் மாறுகிறது என்பதையும் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டறிந்தார். இதனோடு, 2011இல் கனடாவில் மேத்யூ ரூபியும் அவருடைய குழுவினரும் கண்டதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: தொடக்க நிமிடங்களின் சிரமத்தையே மனத்தில் வைத்து, உடற்பயிற்சி தரப்போகும் இன்பத்தை மக்கள் குறைத்தே கணிக்கிறார்கள். கணிப்பு தாழ்வாக இருப்பதால், இதமாக முடியும் ஒவ்வொரு நடையும் எதிர்பாராத லாபமாகிறது. அப்படிப் பல நடைகள் சேர்ந்த பிறகு காலணியைப் பார்த்ததுமே கிளம்பத் தோன்றுவதைத்தான் நாம் ஊக்கம் என்கிறோம் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு எத்தனை நாள் ஆகும்? பரவலாகச் சொல்லப்படும் 21 நாள் கணக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட நடுமதிப்பாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறினால் முழுவதும் வீணாகிவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கும் அதே ஆய்வில் பதில் உண்டு: ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் வேரூன்றும் போக்கில் குறிப்பிடத்தக்க பின்னடைவு ஏதும் ஏற்படவில்லை, மீண்டும் தொடர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே வளர்ந்தது.