கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள்: ஓவியர் கிரான்வில் ரெட்மண்ட்

காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது என் தொழில். அண்மையில் வந்த மூன்று வயதுச் சிறுவன், மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனான். அம்மா சட்டென்று அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். "சைகை பழகிட்டா பேச்சே வராதுன்னு சொன்னாங்க மேடம்" என்றார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிரான்வில் ரெட்மண்டின் நினைவு வரும்.

1871இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த ரெட்மண்ட், இரண்டரை வயதில் கண்ட ஸ்கார்லெட் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தார். குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபின், 1879இல் பெர்க்லியில் இருந்த காது கேளாதோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே அவருக்கு ஓவியமும் மௌன நடிப்பும் கற்றுக்கொடுத்த தியோஃபிலஸ் டெஸ்ட்ரெல்லாவும் காது கேளாதவரே; ஆசிரியரும் மாணவரும் ஒரே மொழியில், கைகளால், பேசிக்கொள்ள முடிந்தது.

அடுத்த ஆண்டே இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சர்வதேச மாநாடு, காது கேளாதோர் கல்வியில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்த அம்மாவிடம் யாரோ சொன்ன அறிவுரை அந்த மண்டபத்தின் எதிரொலிதான் என்பது என் கருத்து. சைகையால் பேச்சு நின்றுபோன குழந்தையை நான் கண்டதில்லை. பேச்சு வரட்டும் என்று காத்திருந்து, ஐந்தாறு வயதுவரை எந்த மொழியுமே இல்லாமல் போன குழந்தைகளைக் கண்டிருக்கிறேன்.

ரெட்மண்டை 1893இல் அந்தப் பள்ளியே உதவித்தொகை கொடுத்துப் பாரிஸின் ஜூலியன் அகாடமி என்ற ஓவியப் பள்ளிக்கு அனுப்பியது. அங்கே அவருடன் தங்கியிருந்தவர் அதே பள்ளியில் படித்த, காது கேளாத சிற்பி டக்ளஸ் டில்டன். 1895இல் ரெட்மண்டின் குளிர்காலக் காலைக் காட்சி ஒன்று பாரிஸ் சலோன் என்ற புகழ்பெற்ற கலைக் கண்காட்சியில் இடம்பெற்றது. 1898இல் கலிஃபோர்னியா திரும்பியவருக்கு, மலைச்சரிவெங்கும் பாப்பி மலர்கள் பொன்னாய்ப் பரந்த ஓவியங்களே பெயர் வாங்கித் தந்தன. அவர் மனம் விரும்பியதோ ஆளரவமற்ற, மங்கிய வெளிச்சக் காட்சிகளை. வாங்குவோர் கேட்டது பாப்பிகளையே. (வயிற்றுப்பாடு கலைஞனையும் விடுவதில்லை.)

பின்னாளில் சார்லி சாப்ளின் தம் ஸ்டூடியோவிலேயே அவருக்கு ஓவியக்கூடம் ஒதுக்கித் தந்ததோடு, அவரிடம் சைகைமொழியும் கற்றார். 1931இல் வெளிவந்த சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படத்தில் சிற்பியாக வருபவர் ரெட்மண்ட்தான்.

இன்று செவிப்பொறியும், அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியும் உள்ளன. அவற்றைக் காலம் தாழ்த்தாமல் பொருத்திப் பயிற்சியைத் தொடங்குங்கள் என்றுதான் அந்த அம்மாவிடமும் சொன்னேன். பிறகு பாட்டிலை எடுத்து, சிறுவன் முகத்துக்கு நேரே "தண்ணி" என்று சொல்லி, அவன் காட்டிய சைகையையும் சேர்த்துக் காட்டினேன். அவன் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் கட்டைவிரலை உயர்த்தினான்.