பாதியில் எழுந்து போனவளும் கடைசி வரை இருந்தவனும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு இரவுகளில் வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்துப் படம் பார்ப்போம். சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டாருமாக ஏழெட்டுப் பேர் சேருவோம். கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். படத்துக்கு மட்டும் மொழி வேலி கிடையாது.

அன்று போட்டது 2008-ல் வந்த பிரெஞ்சுப் படம், பாஸ்கல் லோஜியே இயக்கிய 'மார்ட்டர்ஸ்'. சிறுவயதில் கடத்தப்பட்டு, அடைத்து வைத்து வதைக்கப்பட்ட ஒருத்தி தப்பி வருகிறாள். பல ஆண்டுகள் கழித்து, தன்னை வதைத்தவர்கள் என்று அவள் நம்பும் குடும்பத்தின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறாள். பிற்பாதியில் இன்னொரு பெண் சிறைப்படுகிறாள்.

என் சித்தி மகள் பாலக்காட்டில் செவிலியர். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறவள். "போதுங்ணா, என்னால முடியாது" என்று பிற்பாதியில் எழுந்து கீழே போய்விட்டாள். மாமா மகன் அசையாமல் கடைசி வரை பார்த்தான். இப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

படம் வெளியானபோது நடந்ததும் இதுதான். வதையைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதினார்கள். வலியைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எடுத்தவர் யாருமில்லை என்று இன்னொரு பக்கம் எழுதினார்கள். பிரான்சில் தணிக்கைக் குழு முதலில் 18 வயதுக்கு உட்பட்டோர் பார்க்கக் கூடாது என்றது. திரைத்துறையினர் எதிர்த்ததால் மறுபடி பரிசீலித்து, வரம்பை 16 ஆக்கினார்கள். படம் ஒன்றுதான். அப்படியிருக்க, தீர்ப்பு மட்டும் ஏன் இரண்டு முனைக்கும் ஓடுகிறது? ரசனை வேறு வேறு என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. விடை பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கிறது.

முதலில், எல்லோருக்கும் பொதுவானது. திடீரென்று ஒரு பெருஞ்சத்தம் கேட்டால், அது என்னவென்று மூளை புரிந்துகொள்ளும் முன்பே மூளைத்தண்டிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் கட்டளை போய்விடுகிறது. ஒரு நொடியை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். படிப்பு, வயது, மொழி எதுவும் இங்கே செல்லாது. அலறலுக்கும் இதே பிடி உண்டு. உயிர் போகிற பயத்தில் கத்தும்போது தொண்டையின் நாண்கள் தாங்கும் அளவைத் தாண்டிவிடுவதால் குரலில் பிசிறும் இரைச்சலும் ஏறுகின்றன. மார்மட் என்னும் மலை அணிலினத்தை ஆராய்ந்துவந்த டேனியல் புளூம்ஸ்டீன், பிடிபட்ட குட்டிகளின் கத்தலில் இந்தப் பிசிறைக் கவனித்தார். 2010-ல் அவரும் கூட்டாளிகளும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட படங்களின் ஒலியை ஆராய்ந்தபோது, திகில் படங்களின் அலறல்களில் அதே இரைச்சல் கூடுதலாக இருந்தது.

அதிர்ந்த பிறகு சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இறக்குகின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. காட்சி மாறினாலும் இந்தப் படபடப்பு உடனே அடங்குவதில்லை. அடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் வேறு எந்த உணர்ச்சி வந்தாலும், மீந்திருக்கும் படபடப்பு அதன் மேல் ஏறி அதைப் பெரிதாக்கிவிடும். டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் 1971-ல் முன்வைத்த கருத்து இது. பொள்ளாச்சிச் சாலையில் எதிரே வந்த லாரி மயிரிழையில் விலகிப் போன பிறகு, கோபாலபுரம் செக்போஸ்ட் அருகே குடித்த டீயின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை. டீயில் ஒரு விசேஷமும் இல்லை. மீந்த படபடப்புதான் டீயின் கணக்கில் ஏறியது.

பேய்ப்படம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறவர்களின் ரகசியம் இங்கே இருக்கிறது. பேய் வருகிறது, போகிறது. நாயகி கதவைத் திறந்து வெளியே ஓடுகிறாள். அந்த ஆறுதலின் மேல் அத்தனை பயமும் ஏறி மகிழ்ச்சியாக மாறுகிறது. ஆளைக் கடத்தி வதைக்கும் இப்படிப்பட்ட படம் அந்த ஆறுதலைத் தருவதே இல்லை. 'மார்ட்டர்ஸ்' பிற்பாதியில் ஓட இடமில்லை, ஒளிய இடமில்லை. அடி, இருட்டு, மறுபடி அடி. படபடப்பு ஏறிக்கொண்டே போகிறது, இறக்கி வைக்கத் திண்ணை இல்லை. அதை ஒவ்வொருவரும் தாமே எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. இயக்குநரின் துணிச்சல் மேல் வைத்தவர் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். அருவருப்பின் மேல் வைத்தவர் ஒன்று கொடுக்கிறார். இருவருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது ஒரே மாதிரிதான். நடுவில் நிற்கும் விமர்சனம் இத்தகைய படங்களுக்கு அபூர்வமாகிவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் ரத்தத்தைப் பார்த்துப் பழகிய செவிலியர் ஏன் தாங்கவில்லை? இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1967-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. படிக்கவே கஷ்டமாக இருக்கும் சோதனை. இரண்டு குழு நாய்களுக்கு ஒரே அளவு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நின்றுவிடும். மற்றக் குழுவுக்கு அந்த வழி இல்லை. மறுநாள், தாண்டினால் தப்பலாம் என்ற தாழ்ந்த தடுப்பு உள்ள கூண்டில் விட்டபோது, வழி இருந்த நாய்கள் தாண்டின. வழியில்லாமல் இருந்தவற்றில் பெரும்பாலானவை படுத்துக் கிடந்தன. பட்ட வலி இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றின் கையில் நிறுத்தும் வழி இருந்தது, மற்றதிடம் இல்லை. பின்னாளில், 2016-ல், எதுவும் பயனில்லை என்று கற்றுக்கொண்டதால் முடங்கின என்ற தங்கள் பழைய விளக்கத்தை அவர்களே திருத்தினார்கள்: முடங்கிப் போவது கற்றுக்கொண்டதன்று, நீண்ட துன்பத்துக்கு உடம்பின் இயல்பான பதிலே அதுதான், "என்னால் எதாவது செய்ய முடியும்" என்பதைத்தான் மூளையின் முன்பகுதி கற்றுக்கொள்கிறது.

வார்டில் என் தங்கைக்குக் கைநிறைய வேலை. அழுத்திப் பிடிக்க வேண்டும், ஊசி போட வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும். காயம் அங்கே செய்ய வேண்டிய வேலையாகிவிடுகிறது. மாடியில் வேட்டித் திரைக்கு முன்னால் அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. டானியா சிங்கர் 2004-ல் 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, அவர்களுடைய துணைவரின் கையில் வலி கொடுத்துப் பார்த்தார். வலி எங்கே, எப்படி என்று உணரும் மூளைப்பகுதி அந்தப் பெண்களிடம் விழிக்கவில்லை. வலியின் வேதனையை உணரும் பகுதி விழித்தது. அதாவது அடி வாங்காமலே அதன் வேதனை மட்டும் நமக்கு வருகிறது. அடிபட்டவரைத் தொட்டுத் தேற்றுவதையே தொழிலாகப் பழகிய ஒருத்திக்கு, வேதனை வந்தும் கையை நீட்ட முடியாத நிலை எவ்வளவு பெரிய வதை! அவள் எழுந்து போனதைப் பலவீனம் என்று அன்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஏற்கவில்லை.

பார்வையாளரின் உடம்பை வாய்வழித் தீர்ப்பைக் கேட்காமலே அளக்கவும் ஒரு வழி வந்துவிட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தார் திரையரங்கிலிருந்து வெளியேறும் காற்றைச் சோதித்தார்கள். பதற்றமான காட்சிகளில் கார்பன் டை ஆக்சைடும் ஐசோபிரீன் என்ற வாயுவும் கூடின. ஐசோபிரீன் தசைகளில் தங்கியிருக்கும். நாற்காலியில் நெளிந்தாலோ உடம்பை இறுக்கினாலோ மூச்சில் வெளியேறும். 2018-ல் 11 படங்கள், 135 திரையிடல்கள், 13,000-க்கு மேற்பட்ட பார்வையாளர்கள் என்று அளந்து, படத்துக்கு ஜெர்மானியத் தணிக்கை கொடுத்த வயது வரம்புக்கும் ஐசோபிரீன் அளவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். நம் நாட்டிலும் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகியிருக்கிறது. அந்தப் படிகளை முடிவு செய்யும் மேசையில் இந்த அளவும் ஒரு ஓரத்தில் இருக்கலாம் என்று நான் ஆசைப்படுகிறேன். முழுத் தீர்ப்பையும் காற்றிடம் விட்டுவிடச் சொல்லவில்லை. இறுக்கத்தை அது அளக்கும். அந்த இறுக்கம் எதற்காக ஏற்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்று, நாள்பட நடப்பது. அட்ரினலின் ஏறிய நேரத்தில் கண்டது நினைவில் ஆழமாகப் பதியும். 1994-ல் லேரி காஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் அட்ரினலினைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்து, விபத்தில் அடிபட்ட சிறுவனின் கதையைச் சிலருக்குப் படங்களோடு சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மாத்திரை சாப்பிடாதவர்களுக்குக் கலங்கவைக்கும் பகுதி தனித்து நின்றது. சாப்பிட்டவர்களுக்கு அப்படி நிற்கவில்லை. வன்முறைப் படங்களின் மதிப்பு ஆண்டுகள் கழித்து மாறுவதில் இதற்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன். படபடப்பு என்றோ அடங்கிவிட்டது, காட்சி மட்டும் துலக்கமாக மிச்சமிருக்கிறது. 1960-ல் மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' படத்தை விமர்சகர்கள் தூற்றிய தூற்றலில் அவருடைய திரைவாழ்வே ஏறத்தாழ முடிந்துபோனது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து மார்ட்டின் ஸ்கார்செஸி அதை மறுபடி திரைக்குக் கொண்டுவர உதவினார். இன்று அதைப் பாடமாக வைக்கிறார்கள்.

போன மாதம் தங்கை லீவில் வந்திருந்தாள். பார்த்த பாதியை அவள் சுவரின் நிறம் வரை சொன்னாள். கடைசி வரை பார்த்த மாமா மகனுக்கு அதில் பாதி நினைவில்லை. மீதியையும் பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"பாக்கறனுங்ணா. ஆனா பகல்ல போடுங்க. ரிமோட்டு எங்கிட்ட இருக்கோணும்."

நான்கு முறை நிறுத்தினாள். ஒருமுறை கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசி வரை பார்த்தாள்.