வீகன்: சொல்லின் பிறப்பும் பொருளும் தமிழ்ப் பெயரும்

வீகன் (பெயர்ச்சொல், பெயரடை): விலங்கிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்ணாமல், உடுத்தாமல், பயன்படுத்தாமல் வாழ முயல்பவர். அவருக்கு ஏற்ற உணவையும் பொருளையும் இதே சொல்லால் சொல்கிறோம். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன், தோல், கம்பளி, பட்டு ஆகியவையும் விலக்கு.

முதலெழுத்து நெடில், நடுவில் வருவது ககரம். "வேகன்", "வெஜன்" என்று தமிழில் எழுதப்படுவதைக் காண்கிறோம், இரண்டும் பிழை. வெஜிடேரியனில் உள்ள ஜகர ஒலி, அதிலிருந்து பிறந்த இச்சொல்லில் இல்லை.

பிறப்பு

இச்சொல் பிறந்த இடமும் ஆண்டும் துல்லியமாகத் தெரியும். 1944 நவம்பரில், போர் இன்னும் முடியாத இங்கிலாந்தில், டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியர் சிலரோடு சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1847இல் ராம்ஸ்கேட்டில் உருவான சைவ உணவுச் சங்கம் ஏற்கெனவே இருந்தது. பாலையும் முட்டையையும்கூட விலக்குவோருக்குத் தன் இதழில் தனிப் பகுதி ஒதுக்க அது இசையவில்லை. பிரிந்து வந்தவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. டெய்ரிபன், வைட்டன், பெனிவோர் எனப் பல பெயர்கள் பரிசீலனைக்கு வந்தன. கடைசியில் வெஜிடேரியன் என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் ஒட்டி வீகன் என்று வைத்தார்கள். சைவ உணவு என்ற எண்ணம் எங்கே தொடங்கியதோ, அது போய் முடிய வேண்டிய இடம் இதுவே என்பது அவர்கள் கருத்து.

மூலச்சொல்லுக்கு உயிரூட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வேர் உண்டு. வெஜிடேரியன் என்ற பெயர் பரவுவதற்கு முன் இங்கிலாந்தில் இவ்வுணவைப் பண்டைய கிரேக்க அறிஞரின் பெயரால் பித்தகோரஸ் உணவு என்றே சொல்லிவந்தார்கள்.

உணவோடு நின்ற சொல், சில ஆண்டுகளிலேயே வாழ்முறை முழுவதற்கும் விரிந்தது. வீகன் சங்கம் இன்று பயன்படுத்தும் வரையறை 1988இல் உருப்பெற்றது. விலங்குகளைச் சுரண்டுவதையும் கொடுமைப்படுத்துவதையும் உணவு, உடை, பிற தேவை எல்லாவற்றிலும் "இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை" தவிர்ப்பது என்பது அதன் சாரம். இந்த "இயன்றவரை" மிக முக்கியம். 2016 செப்டம்பரில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட பாலிமர் ஐந்து பவுண்டு தாளில் சிறிதளவு விலங்குக் கொழுப்பு இருப்பது தெரிந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. இந்துக் கோயில்கள் சிலவும் அந்தத் தாளை ஏற்க மறுத்தன. 2017இல் வங்கி, கலவையை மாற்றப்போவதில்லை என்று முடிவு செய்தது. அந்தத் தாளைக் கையால் தொட்டவர் வீகன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மருந்துக்கும் இதே நியாயம்தான். மாத்திரையில் பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் இருக்கலாம், கேப்சூல் உறையில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். மருந்தாளரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் மருந்தை நிறுத்தாதீர்கள்.

பிரிட்டனின் உணவுச் சட்டத்தில் வீகன் என்ற சொல்லுக்கு வரையறை கிடையாது. ஆனால் 2020 ஜனவரியில் ஒரு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம், அறநெறி சார்ந்த வீகன் கொள்கை 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக்குரிய நம்பிக்கை என்று சொல்லியது. தட்டில் என்ன இருக்கிறது என்பதற்குச் சட்டம் பொருள் சொல்லவில்லை, மனதில் இருக்கும் கொள்கைக்குப் பாதுகாப்பு தருகிறது. அதனால்தான் கடையில் நாமே படித்துத் தெளிய வேண்டியிருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது

சைவம் என்று சொன்னால் போதாது. சிவநெறியைக் குறித்த சொல், அந்நெறியினரின் உணவுக்கு ஆகி, இன்று புலால் இல்லாத உணவு எதற்கும் ஆகிவந்திருக்கிறது. அதில் பாலும் நெய்யும் தாராளமாக உண்டு. ஈழத் தமிழர் சொல்லும் மரக்கறிச் சாப்பாட்டிலும் அப்படியே.

நனிசைவம் என்ற சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. நல்ல ஆக்கம். நனி என்பது மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல். "உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள" என்பது தொல்காப்பியம். சைவத்தினும் ஒரு படி கூடியது என்ற பொருள் தானாகவே வந்துவிடுகிறது. உணவுக்கு இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்: நனிசைவக் கேக், நனிசைவப் பிரியாணி.

செருப்புக்கும் சோப்புக்கும் இது பொருந்தாது. நனிசைவச் செருப்பு என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. சைவம் என்ற சொல் தமிழில் உணவோடும் சமயத்தோடும் அவ்வளவு இறுகிவிட்டது. பொருள்களுக்கு "விலங்குப்பொருள் இல்லாத" என்று விரித்துச் சொல்வதே சரி. தாவர உணவு என்பதை வீகனுக்கு ஈடாக எழுதுவதும் தவறு. பிளான்ட் பேஸ்டு என்று அட்டையில் அச்சிட்ட உணவில் தாவரம் முதன்மை என்றுதான் பொருள், சிறிதளவு பாலோ முட்டையோ அதில் இருக்க இடமுண்டு. தாவர உணவு அதற்குரிய தமிழாக இருக்கட்டும்.

அட்டையைப் படிக்கும் முறை

பிரிட்டனில் உறையிட்டு விற்கும் உணவின் சேர்பொருள் பட்டியலில் 14 ஒவ்வாமைப் பொருள்களை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, சிப்பி கணவாய் வகை ஆகிய ஐந்தும் அந்தப் பதினான்கில் அடக்கம். ஆகவே முதல் சுற்றில் தடித்த எழுத்தை மட்டும் பாருங்கள். கேசீன், வே, லாக்டோஸ் என்று எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் பக்கத்தில் பால் என்ற சொல் தடித்து நிற்கும். உருளை வறுவலின் மசாலாத்தூளிலும் கறுப்புச் சாக்லேட்டிலும் பால் அகப்படுவது இப்படித்தான். கோகோ பட்டர் தாவரக் கொழுப்பு, அதன் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். பட்டர்ஃபேட் பால் கொழுப்பு.

பலரும் இந்தச் சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள், தவறு நேர்வது அங்கேதான். தேன், ஜெலட்டின், கார்மைன், அரக்கு, தேன்மெழுகு எதுவும் அந்தப் பதினான்கில் இல்லை. தடித்த எழுத்தில் வராது. இரண்டாம் சுற்றில் இவற்றைத் தேட வேண்டும். எண்ணாகவும் எழுதியிருப்பார்கள்: ஈ120 கார்மைன், அதாவது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், ஈ901 தேன்மெழுகு, ஈ904 பூச்சி சுரக்கும் அரக்கு. ஈ471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். அட்டையைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது, தயாரிப்பாளரைக் கேட்க வேண்டும். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது. கற்பாசி இனத்து லைக்கனிலிருந்து எடுக்கும் டி3யும் உண்டு, அதைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் அட்டையிலேயே சொல்லிவிடுவார்கள்.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெர்சி பிக் மிட்டாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019இல் அதிலிருந்து ஜெலட்டினை நீக்கினார்கள். மெருகூட்டும் தேன்மெழுகு அதில் தொடர்ந்தது. சைவம் ஆனது, வீகன் ஆகவில்லை. பூஞ்சைப் புரதத்தால் செய்யும் குவார்னும் அப்படியே. பெரும்பாலான குவார்ன் உணவில் பிடிமானத்துக்கு முட்டை வெண்கரு சேர்கிறது, வீகன் வகையில் அதற்குப் பதில் உருளைக்கிழங்குப் புரதம். இரண்டும் உறைபெட்டியில் அடுத்தடுத்து இருக்கும், உறையும் ஏறத்தாழ ஒன்றுபோல. அவசரத்தில் கை மாறிப் போகும்.

பீரிலும் வைனிலும் சிக்கல் வேறு. கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசின்கிளாஸைச் சேர்ப்பது பழைய வழக்கம். இந்தப் பயன்பாட்டுக்கு ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு என்பதால் அட்டையில் மீன் என்றே வராது. போத்தலில் வீகன் முத்திரை இருந்தால் மட்டும் நம்புங்கள்.

முத்திரைகளில் நம்பத் தக்கது வீகன் சங்கத்தின் சூரியகாந்தி முத்திரை, 1990 முதல் வழங்கப்படுவது. பச்சை வி எழுத்து மட்டும் போட்டிருந்தால் அது சைவத்தைக் குறிப்பதாகவும் இருக்கலாம், அடியில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். "பால் இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை, அதே ஆலையில் பாலும் கையாளப்படுகிறது என்பதற்கானது. செய்முறையில் பால் இல்லையென்றால் அப்பொருள் வீகன்தான். ஆனால் பால் ஒவ்வாமை உள்ளவருக்கு வீகன் என்ற சொல் எந்த உறுதியும் தராது. அவர்கள் அந்த எச்சரிக்கையைத்தான் நம்ப வேண்டும். குழந்தைக்கு ஒவ்வாமை உள்ள வீடுகளில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடையில் ஓட்ஸ் பால் என்ற பெயரைப் பெட்டியில் காணமாட்டீர்கள், ஓட்ஸ் பானம் என்றுதான் இருக்கும். பால், பட்டர், சீஸ் என்ற பெயர்களை விலங்குப் பாலுக்கே ஒதுக்கும் விதியை 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது, பிரிட்டனிலும் அந்த விதி நீடிக்கிறது. தேங்காய்ப் பாலுக்கும் கடலை பட்டருக்கும் மரபு கருதி விலக்கு.

பரிசு வாங்கும்போது

அழகுப் பொருள்களின் பட்டியலில் லத்தீன் பெயர்கள் நுழைந்துவிடும். செரா ஆல்பா தேன்மெழுகு, மெல் தேன், லாக் பால். உதட்டுச் சாயத்தில் சிஐ 75470 என்றிருந்தால் அதே பூச்சிச் சிவப்பு. சோப்பில் சோடியம் டேலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பு. பாயும் முயல் முத்திரை விலங்குச் சோதனை இல்லை என்பதைச் சொல்வது, பொருளில் தேன் இல்லை என்பதைச் சொல்வதில்லை. பாடி ஷாப் தன் தயாரிப்புக் கலவைகள் எல்லாமே வீகன் என்று 2024 ஜனவரியில் சான்று பெற்றது. லஷ் கடையில் எல்லாம் சைவம், பெரும்பகுதி வீகன், தேன் சேர்ந்தவை சில உண்டு.

மெழுகுவர்த்தியில் சோயா மெழுகு அல்லது கடுகு இனத்து ரேப்சீட் மெழுகு என்று எழுதியிருந்தாலும் "கலவை" என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள், தேன்மெழுகு சேர்ந்திருக்கலாம்.

காலணிக்கு அட்டையைத் தேட வேண்டாம், அடியிலோ உள்ளேயோ சிறு குறிகள் ஒட்டியிருக்கும். மேற்பகுதி, உள்துணி, அடிப்பாகம் என்று மூன்று இடத்துக்கும் தனித்தனிக் குறி. விரித்த தோல் வடிவம் என்றால் தோல். அந்த வடிவத்துக்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சுப் பூசிய தோல். வலைப்பின்னல் சதுரம் துணி. வெறும் சாய்சதுரம் பிற பொருள், பெரும்பாலும் செயற்கை. அந்தப் பகுதியில் குறைந்தது 80 விழுக்காடு எது இருக்கிறதோ அதன் குறியைத்தான் போடுவார்கள், ஒட்டும் பசைக்குக் குறி கிடையாது. பசையும் விலங்குப்பொருள் இல்லாததாக வேண்டும் என்பவர்கள் வீகன் என்று தனியே அறிவித்த வகையை வாங்க வேண்டும்.

நம் வீட்டு விசேஷங்களில் பட்டு கொடுப்பது வழக்கம். பட்டுக்கூட்டைப் புழுவோடு அவித்து நூலெடுப்பதால் வீகன் நண்பர் அதை உடுத்தமாட்டார். நல்ல கைத்தறிப் பருத்திச் சேலை கொடுங்கள்.

தயிரும் சத்தும்

பிரிட்டன் கடைகளில் கிடைக்கும் தாவரத் தயிர் பெரும்பாலும் இனிப்போ வனிலாவோ சேர்ந்தது, சோற்றில் பிசைய உதவாது. வீட்டில் உறையூற்றச் சோயா ஒன்றே நம்பகமானது. சேர்பொருள் சோயாவும் தண்ணீரும் மட்டும் உள்ள, 100 மில்லிக்கு 3 கிராமுக்குக் குறையாத புரதம் உள்ள பானத்தில் 1 லிட்டர் எடுத்து, 43 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, உயிருள்ள நுண்ணுயிர் சேர்ந்த வெறும் சோயாத் தயிர் 2 மேசைக்கரண்டி கலந்து மூடி வையுங்கள். குளிர்கால வீட்டின் 17, 18 பாகையில் உறையாது. ஓவன் அடுப்பை மூட்டாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு 8 மணி நேரம் உள்ளே வைத்தால் கட்டியாக உறையும். மேலும் விட்டால் தண்ணீர் பிரியும். பானம் கைபொறுக்காத சூட்டில் இருக்கும்போது உறை ஊற்றினால் நுண்ணுயிர் செத்துவிடும். ஓட்ஸிலும் பாதாமிலும் புரதம் 1 கிராம் அளவே என்பதால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் நீராகவே புளிக்கும். மோர்க்குழம்புக்கு இந்தத் தயிரோடு ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கடைந்து சேர்த்தால் சூட்டில் திரியாது.

இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற தாவரப் பானங்களில் கால்சியமும் பி12உம் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அன்றாடத்துக்கு அதை வாங்குபவர் பி12 மாத்திரை எடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் என்பது வீகன் சங்கத்தின் பரிந்துரை.

தமிழ்க் கடைகளில்

லண்டனின் ஈழத் தமிழர் உணவகங்களில் வீகன் சாப்பாடு நிறையவே உண்டு: இடியப்பம், சொதி, பருப்பு. ஆனால் சம்பலில் மாசி போடுவார்கள், அது மீன். ரொட்டியில் பட்டரோ மாஜரினோ இருக்கும். தோசையை நெய்விட்டுச் சுடும் கடைகளும் உண்டு. "பால் இருக்கோ?" என்று மட்டும் கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் பாற்கறியிலும் சொதியிலும் உள்ளது தேங்காய்ப்பால். அங்கே நனிசைவம் என்றாலும் வீகன் என்றாலும் சமையற்காரருக்குப் பிடிபடாமல் போகலாம். பெயர் பெயராகக் கேளுங்கள்: "அண்ணா, மாட்டுப்பால், நெய், பட்டர், முட்டை, மாசி ஏதும் இதிலை சேர்த்திருக்கிறீங்களோ?"