வளர்ப்பினமாக்கல்: நரியை யாரும் பழக்கவில்லை

"ரஷ்ய விஞ்ஞானி நரிகளைப் பழக்கி நாய் போல ஆக்கினார்." அறிவியல் துணுக்குகளில் இந்த வாக்கியம் வராத மாதம் இல்லை. 1959-இல் நோவோசிபிர்ஸ்கில் திமீத்ரி பெல்யாயெவ் தொடங்கிய வெள்ளி நரிச் சோதனையைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சோதனையின் அடிப்படை விதியே நரிகளைப் பழக்கக் கூடாது என்பது. குட்டியோடு ஆள் இருக்கும் நேரத்தைக்கூடக் கட்டுப்படுத்தினார்கள். கூண்டுக்குள் கையை நீட்டினால் கடிக்கிறதா, ஒதுங்குகிறதா, கிட்ட வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மிகச் சாதுவானவை என்று ஆண்களில் நூற்றுக்கு நாலைந்தும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் இருபதும்தான் இனப்பெருக்கத்துக்கு விடப்பட்டன. பழக்கியிருந்தால் சாது குணம் கற்றதா கருவிலேயே வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் சோதனையே பாழாகியிருக்கும். ஆக, "பழக்கி" என்ற ஒரு சொல் நடந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிடுகிறது.

"பழக்குதல்" என்று இவர்கள் பெயர்க்கும் டொமெஸ்டிகேஷன் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனின் டோமுஸ், அதாவது வீடு, என்பதிலிருந்து வந்தது. வேர்ச்சொல் அவ்வளவுதான். கருத்து வேரைத் தாண்டி எங்கோ போய்விட்டது. இன்று உயிரியலில் அது குறிப்பது இதை: ஓர் இனத்தின் இனப்பெருக்கம் தலைமுறை தலைமுறையாக மனிதர் கைக்குள் வந்து, அந்த இனமே மரபில் மாறிப்போவது.

பழக்குதல் ஓர் உயிரின் ஆயுளுக்குள் முடிந்துவிடும். காட்டு யானையைப் பிடித்து கரால் என்ற மரக் கூண்டில் அடைத்து, கும்கிகளைப் பக்கத்தில் நிறுத்தி, பாகனும் அவருக்கு உதவியாளான காவடியும் கரும்பும் அதட்டலுமாக மாதக்கணக்கில் வேலை செய்தால் யானை பழகிவிடும். அதன் குட்டி? அதற்கும் முதலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். முகாமில் பிறந்த குட்டிக்குப் பல சமயம் அப்பன் காட்டுக் கொம்பன்தான். யானையோடு நமக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு உறவு இருந்தும் வளர்ப்பு யானை என்று தனி இனம் உருவாகவே இல்லை. சிவிங்கிப்புலியும் அப்படியே. அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்தும் ஒன்றும் இணைசேரவில்லை என்றும், தன் காலத்தில் ஒரே ஒருமுறை மூன்று குட்டிகள் பிறந்தன என்றும் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அத்தனையும் வேட்டைக்குப் பழகியவை, ஆனால் இனம் மாறவில்லை.

மறுபக்கம் பாருங்கள். தொழுவத்திலேயே பிறந்த காளங்கன்றையும் ஏருக்கு வசக்கத்தான் வேண்டியிருக்கிறது. வசக்குவது ஒன்று, வளர்ப்பினமாக இருப்பது வேறொன்று என்பது மாடு வைத்திருப்பவருக்குத் தெரியும். பட்டுப்புழுவை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. அதன் அந்துப்பூச்சிக்குச் சிறகு இருந்தும் பறக்க வராது. அதை யார் பழக்கினார்கள்?

"ஆட்டைப் பழக்கியதற்கான எலும்புச் சான்று" என்பது இன்னொரு கூத்து. பழக்கம் எலும்பில் பதியாது. ஈரானின் சாக்ரோஸ் மலையில் கஞ்ச் தாரே என்ற இடத்தில் சுமார் 10,000 ஆண்டுக்கு முந்தைய வெள்ளாட்டு எலும்புகள் கிடைத்தன. மூட்டு முனை தண்டோடு ஒட்டிவிட்டதா என்று பார்த்து வயதையும், எலும்பின் பருமனைக் கொண்டு ஆண், பெண்ணையும் கணித்தார்கள். கிடாய்கள் பெரும்பாலும் இளசிலேயே வெட்டுப்பட்டிருந்தன. பெட்டைகள் பல ஆண்டு உயிரோடு இருந்தன. கிடாயை விற்று, ஈனும் ஆட்டை வைத்துக்கொள்ளும் மந்தைக் கணக்கு இது. வேட்டைக்காரன் பெரிய கிடாயைத்தான் குறிவைப்பான். ஆட்டின் உருவம் அப்போது இன்னும் சிறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: இனப்பெருக்கம் முதலில் மனிதர் கைக்கு வந்தது, உடல் மாற்றம் பிறகே வந்தது.

வீடு என்ற லத்தீன் வேரை அப்படியே மொழிபெயர்த்தவர்கள் வேறு வழியில் சறுக்கினார்கள். வீட்டுமயமாக்கல், மனைப்படுத்தல், கொல்லைப்படுத்தல். நகரமயம், தனியார்மயம் என்று எதற்கும் ஒரு மயத்தை ஒட்டும் பழக்கம் ஆட்டையும் விடவில்லை. கொல்லைப்படுத்தல் தனித்தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் "கொல்லைக்குப் போவது" என்றால் என்னவென்று தஞ்சாவூர்ப் பக்கம் கேட்டுவிட்டு அந்தச் சொல்லை ஆக்கியிருக்கலாம். கொல்லை என்பது முல்லை நிலத்துப் புன்செய் என்று வாதாடுவோரும் உண்டு. சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் அது இடத்தைத்தானே சொல்கிறது? குறுந்தொகையில் 46-ஆம் பாட்டு "மனையுறை குரீஇ" என்கிறது, 139-ஆம் பாட்டு "மனையுறை கோழி" என்கிறது. இரண்டுக்கும் ஒரே அடைமொழி. கோழி காட்டுக்கோழியிலிருந்து மனிதர் கையில் மாறிவந்த இனம். குருவி நம் இறவாணத்தில் கூடு கட்டினாலும் காட்டுயிர்தான். பல்லியும் அப்படித்தான். துருவக் கலைமானோ எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமலே வளர்ப்பினம் ஆகிவிட்டது. வீடு, மனை, கொல்லை எதுவும் இந்தக் கருத்துக்கு அளவுகோல் ஆகாது.

வளர்ப்பினமாக்கல் என்பதே பொருந்தும். வளர்ப்பு மட்டும் போதாது. முகாம் யானையையும் செய்தித்தாள்கள் வளர்ப்பு யானை என்றே எழுதுகின்றன. நடுவில் இருக்கும் "இனம்"தான் வேலையைச் செய்கிறது. சொல் நீளம்தான், ஆனால் மடக்கினால் மடங்கும்: வளர்ப்பினம், வளர்ப்பினமான, வளர்ப்பினமாக்கினர். முன்னோடியைக் காட்டு மூதினம் எனலாம். ஐரோப்பிய மாட்டின் காட்டு மூதினமான ஆரக்ஸின் கடைசிப் பசு 1627-இல் போலந்தில் செத்தது என்று எழுதும்போது குழப்பமே வராது. நெல், கோதுமைக்குப் பயிரினமாக்கல். "கோதுமையைப் பழக்கினர்" என்று அச்சில் வருவதைப் பார்க்கும்போது, மொழிபெயர்த்தவர் தாம் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாரா என்ற சந்தேகம் வருகிறது.

நரிகளுக்குத் திரும்பினால், சில தலைமுறைகளில் வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. தொங்கு காதும் நெற்றியில் வெள்ளைப் பொட்டும் வந்தன. அந்த நரிகளின் மூதாதைகள் கனடாவின் மென்மயிர்ப் பண்ணைகளில் ஏற்கெனவே பல தலைமுறை வளர்ந்தவை, பொட்டு அங்கேயே இருந்தது என்ற மறுப்பும் உண்டு. அந்த விவாதம் முழுக்க எந்தத் தலைமுறையில் இனம் மாறியது என்பதைப் பற்றியது. அதைத் தமிழில் "பழக்கிய நரிகள்" என்று தொடங்கினால் விவாதம் எதைப் பற்றி என்பதே வாசகருக்குப் புரியாது.