எண்ணும் எழுத்தும்: ‘அரும்பு’ என்றால் என்ன, எப்போது கேள்வி கேட்க வேண்டும்?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஜூலை மாதத்தில் வந்து "நான் அரும்பு" என்று சொன்னால் பெற்றோர் பதற வேண்டாம். ஜனவரியிலும் அதையே சொன்னால் பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைக்குக் குறிக்கும் கற்றல் நிலை என்பது தரவரிசை அல்ல. பிள்ளை இன்று எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டும் அடையாளம். அது நகராமல் நின்றுவிட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால், வகுப்பு ஏறிய பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழக அரசு 2022 ஜூன் 13 அன்று இதைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை. 2023-24இல் 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும், அதுவும் 2025க்குள் என்பது அப்போது அறிவித்த இலக்கு. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும் முதன்மை. சூழ்நிலையியல் இவற்றோடு கலந்து வரும். வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகிய ஏழு ஒன்றியங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் முறை ஒன்றே. 2019இல் பிரிந்துபோன இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் அப்படியே.

2007-08 வாக்கில் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களுக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் நினைவிருக்கும். அதில் ஒவ்வொரு பிள்ளையும் படிப்படியாக அடுக்கிய பாட வரிசையில், அதாவது தன் ஏணியில், தனியாக ஏறும். எண்ணும் எழுத்தும் முறையில் வகுப்பு முழுவதும் ஒன்றாகப் பாடலோ கதையோ கேட்கும், பிறகு நிலைவாரியாகக் குழுவாகப் பிரியும், கடைசியில் தனித்தனியாகப் பயிற்சி நூலில் எழுதும். அட்டை தேடியே பாதி நேரம் போய்விடும் என்ற பழைய குறை இதில் குறைவு.

மூன்று நிலைகள்

பொதுவாகச் சொன்னால் அரும்பு என்பது முதல் வகுப்புத் திறன், மொட்டு இரண்டாம் வகுப்புத் திறன், மலர் மூன்றாம் வகுப்புத் திறன். ஆகவே முதல் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பது இயல்பு. மூன்றாம் வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அடிப்படை மதிப்பீடு வைத்து நிலையைக் குறிப்பார்கள். தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் ஒரே பிள்ளை இருக்கலாம். அதனால் "என் பிள்ளை எந்த நிலை?" என்று கேட்காமல் "எந்தப் பாடத்தில் எந்த நிலை?" என்று கேளுங்கள்.

அதன்பின் வளரறி மதிப்பீடுகளும் பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீடும் உண்டு. பதிவுகள் செயலியில் ஏறும். மலைப்பக்கப் பள்ளிகளில் சிக்னல் கிடைக்காமல் பதிவு தாமதமாவது உண்டு. அதற்காகக் கற்பித்தல் காத்திருக்கக் கூடாது. ஒரு நோட்டில் பெயர், தேதி, பிள்ளை தடுமாறிய இடம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வைத்தால் போதும். செயலியில் உள்ள மதிப்பெண்ணைவிட அந்த நோட்டு மறுநாள் பாடத்துக்கு அதிகம் பயன்படும்.

ஒரே ஆசிரியர், மூன்று வகுப்பு

இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் 1 முதல் 3 வரை, மற்றவர் 4, 5 என்று பிரித்துக்கொள்வது வழக்கம். திட்டத்தின் அமைப்பும் அதற்குத் தோதானதே. ஒரு மணி நேரம் கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: முதல் 15 நிமிடம் எல்லாருக்கும் ஒரே கதை அல்லது பாடல், அடுத்த 30 நிமிடம் குழு வேலை, மீதி 15 நிமிடம் பயிற்சி நூலும் சரிபார்ப்பும். அந்த 30 நிமிடத்தில் ஆசிரியர் அரும்புக் குழுவோடு தரையில் உட்கார வேண்டும். மலர்க் குழு தானாக வாசிக்கும், மொட்டுக் குழு இணை இணையாக அட்டை விளையாடும். நடப்பில் பல இடங்களில் இது தலைகீழ். பதில் சொல்லும் பிள்ளைகள் பக்கமே ஆசிரியரின் கண் போகும், பின்வரிசை அரும்பு எழுத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கும்.

வகுப்பறையில் கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைகள் அமைக்கச் சொல்கிறார்கள். அறை சிறியதென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விரிக்கத் தேவையில்லை. கதைப் புத்தகங்களைக் கயிற்றில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைக்கு எட்டாத புத்தகம் சுவர் அலங்காரம்தான். பீரோவில் பூட்டி வைத்து, ஆய்வுக்கு ஆள் வரும்போது மட்டும் வெளியே எடுக்கிற பொருள்களால் யாருக்கும் லாபமில்லை, கிழிந்தால் கிழியட்டும்.

எழுத்தட்டை செய்ய 22க்கு 28 அங்குல சார்ட் இரண்டு போதும். ஒவ்வொன்றையும் நான்குக்கு நான்காக வெட்டினால் ஐந்தரைக்கு ஏழு அங்குலத்தில் 16 அட்டை வரும். இரண்டு சார்ட்டுக்கு 32. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக ஓர் அட்டை மிஞ்சும். அதில் துணைக்கால் வரையுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பின்வரிசைக்கு எழுத்தே தெரியாது. நான்கு ஓரத்திலும் செலோ டேப் ஒட்டினாலே ஓராண்டு தாங்கும். அகர வரிசையில் தொடங்காமல் ட, ப, ம போன்ற, எழுத எளிதான எழுத்துகளில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே படம், பட்டம், மடம், மட்டம் என்று சொற்கள் கிடைத்துவிடும். சொல் கிடைத்த பிள்ளை மறுநாளும் ஆசையோடு வரும்.

கணக்குக்குக் குச்சிக் கட்டுகளை மிஞ்சியது எதுவுமில்லை. குடியாத்தம் பக்கம் மருந்து முக்காத தீக்குச்சி சல்லிசாகக் கிடைக்கும். இல்லையென்றால் துடைப்பக் குச்சியை ஒரே அளவாக நறுக்கலாம். ஐந்து பேர் குழுவுக்கு 120 குச்சி வேண்டும்: பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட பத்துக் கட்டு, உதிரி 20. இங்கே அடிக்கடி நடக்கிற தவறு, ஆசிரியரே கட்டிக் கொடுத்துவிட்டு அவிழ்க்க விடாமல் இருப்பது. 42இல் 17ஐக் கழிக்கும்போது பிள்ளை 35 என்று எழுதுகிறதா? இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. நாலு கட்டில் ஒன்றைத் தன் கையாலேயே அவிழ்த்து, இரண்டு உதிரியோடு சேர்த்துப் பன்னிரண்டாக்கி, அதில் ஏழை எடுத்து வைத்தால் 25 எங்கிருந்து வருகிறது என்று புரியும். ‘கடன் வாங்குதல்’ என்று வாயால் சொல்லிக் கொடுத்தால் வாங்கின கடனைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. புளியங்கொட்டை முதல் வகுப்புக்கு ஏற்றதல்ல. மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

வீட்டு மொழி வேறாக இருந்தால்

பேரணாம்பட்டிலும் வேலூர் நகரின் சில பகுதிகளிலும் உருது, காட்பாடி, குடியாத்தம் எல்லை ஊர்களில் தெலுங்கு என்று வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் நிறைய. அந்த மொழிகளில் ka, ga போன்ற ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ‘கடல்’, ‘மகன்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒலி வேறானாலும் எழுதுவது ஒரே க. "பார்த்துப் படி" என்று அதட்டினால் இந்தக் குழப்பம் தீராது. சொல்லின் முதலில், நடுவில், மெல்லினத்துக்குப் பின் என்று மூன்று வரிசையாகச் சொற்களை அடுக்கி, உரக்கச் சொல்ல வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் காது பழகிவிடும். இந்தப் பிள்ளைக்குத் திறன் குறைவென்று அரும்பில் நிறுத்துவது தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே, இயன்றவரை தாய்மொழியிலும், செயல்பாடு வழியாகவும், அச்சமில்லாமலும் கற்பிக்கச் சொல்கிறது. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 17ஆம் பிரிவின்படி தடை. "நீ இன்னும் அரும்புதானே" என்று எல்லார் முன்னும் சொல்வதும் மனம் நோகப் பேசுவதுதான்.

பணம் எங்கிருந்து

பாடநூல், பயிற்சி நூல் எல்லாம் இலவசம். பயிற்சி நூலுக்கென்று யாரும் காசு கேட்டால் தர வேண்டியதில்லை. 4, 5 வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ இதழும் வரும். சார்ட், அட்டை, ரப்பர் பேண்ட் போன்ற செலவுக்குப் பள்ளி மானியம் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இது ஒன்றிய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிரும் நிதி. 2024-25இல் ஒன்றிய அரசு தன் பங்கை நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம். எனவே பணம் வந்தபின் பார்க்கலாம் என்று குச்சிக் கட்டைத் தள்ளிப் போடாதீர்கள். செலவுக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம்.

வீட்டில் சோதிப்பது எப்படி

பயிற்சி நூல் நிரம்பியிருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். பலகையில் எழுதிய விடையைப் பார்த்தெழுதினாலும் நூல் நிரம்பும். நூலில் இல்லாததைக் கொடுங்கள். பஸ் பலகையில் குடியாத்தம், ஒடுகத்தூர், அணைக்கட்டு வாசிக்கிறதா? கடையில் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று சொல்கிறதா? கெ, கே, கொ, கோ குழம்புகிறதென்றால் கொம்பு எழுத்தில் மட்டும்தான் சிக்கல். முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ஒன்றிய அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான நிபுண் பாரத்தின் வழிகாட்டி, மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்க வேண்டும், 9,999 வரை எண் தெரிய வேண்டும் என்கிறது. எண் சரி. வாசிப்புக்குக் கடிகாரம் பிடிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல். சொல் எண்ணிக்கை நம் மொழிக்குச் சரியான அளவுகோல் அல்ல. ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, "யார் என்ன செய்தார்?" என்று கேளுங்கள்.

ஒரு பருவம் முழுக்க நிலை மாறவில்லை என்றால் முதலில் வகுப்பாசிரியரிடம் வருகைப் பதிவைப் பாருங்கள். திருவிழா, வேலை என்று வாரக்கணக்கில் விடுப்பு எடுத்த பிள்ளை அந்தப் பக்கங்களைத் தாண்டியிருக்காது. வருகை சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் தலைமையாசிரியர், பிறகு மேலாண்மைக் குழு, பிறகு வட்டார வளமையம் அல்லது வட்டாரக் கல்வி அலுவலர் என்ற வரிசையில் போகலாம். 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணுக்கும் பேசலாம்.

பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பங்களுக்கு ஒரு சொல்: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் உள்ள மாணவர் எண்) பழைய பயிற்சி நூலையும் கையோடு கொண்டுபோங்கள். பழைய நிலையை அப்படியே ஏற்காமல் மறுபடி ஒரு முறை சோதித்து நிலையைக் குறிக்கும்படி அங்குள்ள ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.