ஜெர்பிலுக்கு வந்த புற்று, சுண்டெலிக்கு ஏன் வரவில்லை?

அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று நிரூபிக்க, 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்த கதை பலருக்குத் தெரியும். அதற்கு முன் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், தொற்றவே இல்லை என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எந்த விலங்கு என்பது இந்தக் கிருமி விஷயத்தில் அவ்வளவு முக்கியம்.

இரைப்பை அமிலத்தில் இது பிழைப்பது யூரியேஸ் என்ற நொதியால். யூரியாவை உடைத்து அமோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். பிறகு சளிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு நீந்திப் போய், இரைப்பைச் சுவரின் செல்களில் ஒட்டும். சில வகைகளிடம் ஓர் ஊசி அமைப்பும் உண்டு. அதன் வழியாகக் காக்-ஏ என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தும். உள்ளே போனதும் செல்லின் சொந்த நொதிகளே அதன் மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. வீட்டுக்காரரே திருடனுக்குச் சாவி கொடுப்பது மாதிரிதான். அப்புறம் காக்-ஏ, வளர்ச்சிச் சமிக்ஞைகளைக் கடத்தும் எஸ்எச்பி-2 (SHP2) என்ற நொதியைப் பிடித்து முடுக்கிவிடும். ஆய்வகக் கிண்ணத்தில் வளரும் மனிதச் செல்கள் சில மணி நேரத்தில் ஊசிபோல் நீண்டுவிடும். பக்கத்துச் செல்லோடு இருக்கும் பிணைப்பும் தளரும்.

சரி, கிண்ணத்தில் செல் நீண்டால் புற்று வந்துவிடுமா? அதற்கு விலங்கு வேண்டும். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலி போன்ற சிறு கொறிவிலங்குகளான மங்கோலிய ஜெர்பில்களுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்து, 62 வாரம் காத்திருந்தார்கள். 37 சதவீத ஜெர்பில்களுக்கு இரைப்பைப் புற்று வந்திருந்தது. பின்னர் கிருமியின் வேறொரு வகையை வைத்து ஜெர்பில்களில் செய்த சோதனையில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குப் புற்றோ அதன் முந்தைய நிலையோ வந்தது. காக்-ஏ மரபணுவை நீக்கிய கிருமி தொற்றியவற்றில் ஒன்றுக்குக்கூட வரவில்லை.

சாதாரணச் சுண்டெலியில் இப்படி நடப்பதில்லை. வெறும் அழற்சியோடு நின்றுவிடும். காரணம் சுவாரசியமானது. எலிக்குள் சில வாரங்கள் வாழ்ந்ததும் பல கிருமிகளின் ஊசி வேலை செய்யாமல் போகிறது. ஊசியின் ஒரு பாகத்தை உருவாக்கும் காக்-ஒய் மரபணுவில் ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை இடம் மாறிச் சேர்ந்து பாகத்தின் வடிவமே மாறிவிடும். டி, பி நோயெதிர்ப்பு செல்கள் இல்லாத எலிகளில் ஊசி அப்படியே இருந்தது. அதாவது, எதிர்ப்பு கடுமையானால் கிருமி ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுப் பிழைத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு தடையும் உண்டு: மனிதச் செல்லில் கிருமி பிடித்துக்கொள்ளும் சீயாகாம் புரதங்களின் எலி வடிவம் அதன் பிடிக்குச் சிக்குவதில்லை. எலியில் புற்று வரவில்லை என்பதை வைத்து காக்-ஏவுக்கு நற்சான்று கொடுத்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

2008-இல் ஜப்பானில் இந்தச் சிக்கலைச் சுற்றி ஒரு வழி கண்டார்கள். கிருமியையே விட்டுவிட்டு, காக்-ஏ மரபணுவை எலியின் மரபணுத் தொகுப்பிலேயே சேர்த்தார்கள். சில எலிகளுக்கு இரைப்பைப் புற்று வந்தது, சிலவற்றுக்கு ரத்தப் புற்றுகூட. பாஸ்பேட் ஒட்ட முடியாதபடி மாற்றிய காக்-ஏ கொண்ட எலிகளுக்கு இவை எதுவும் வரவில்லை.