ஒயினின் துவர்ப்பும் ஆட்டிறைச்சியும்

பிரான்சின் போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில் இருக்கிறது போயாக். கூழாங்கல் மண்ணில் கபெர்னே சோவின்யோன் திராட்சை விளையும் ஊர். இங்குள்ள ஒயின் தோட்டங்களில் 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் வரிசையாகக் கிடக்கும் அறையில், இன்னும் பாட்டிலில் அடைக்காத இளம் ஒயினைச் சுவைக்கத் தருவார்கள். ஒரு வாய் உறிஞ்சியதும் ஈறு வறண்டு, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். புதிதாகக் குடிப்பவர் கெட்டுவிட்டதோ என்று பயப்படுவார். கடுக்காயை நாக்கில் வைத்துப் பார்த்தவருக்கு அது என்னவென்று உடனே தெரியும்: துவர்ப்பு.

அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை நாம் எண்ணுகிறோம். உடலியலோ அதைப் பெரும்பாலும் தொடு உணர்வு என்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் உண்டு. சிவப்பு ஒயினைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுவதால் அது சாற்றில் இறங்குகிறது. நம் வாயை வழுவழுப்பாக வைத்திருப்பவை உமிழ்நீரிலுள்ள புரதங்கள். டானின் அவற்றைப் பற்றிக்கொண்டதும், பால் திரிவதுபோல அவை திரண்டு பிரிகின்றன. வழுவழுப்பு போய், நாக்கு அண்ணத்தில் உரசுகிறது. துப்பிய ஒயினைக் கவனித்தால் ஊதா நிறத்தில் நூல்நூலாகத் தெரிவது இந்தத் திரள்தான்.

ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும்போது நடப்பதும் இதே வேதியியல். அங்கே டானின் பற்றுவது தோலின் புரதத்தை. டானின் என்ற பெயரே அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு வாய்க்கும் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் நடுவில் ஒரு துண்டு ரொட்டி, ஒரு மடக்குத் தண்ணீர். போதை ஏறாமலிருக்கத் துப்புவதற்கும் பாத்திரம் இருக்கும். துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இரவு விருந்துக்கு இந்த ஊர் பெயர்போன இளம் ஆட்டிறைச்சி வந்தால், அதே ஒயின் வேறு ஒயின்போல இருக்கும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் உமிழ்நீர் தப்பிவிடுகிறது. கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவதும் இப்படித்தான். நல்ல ஒயினை வெறும் வாயில் குடித்துவிட்டு எடை போடுவது அதற்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

பழைய ஒயினில் துவர்ப்பு தானாகவே தணிந்திருக்கும். ஆண்டுகள் போகப்போக டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். அதனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாட்டிலின் கழுத்தைப் பார்த்தபடி வேறு குடுவைக்கு மெதுவாக ஊற்றுவார்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.